ப்ரொஜெக்டர் வாங்கப் போய் பல்பு வாங்கின கதை!

பட்ஜெட் பார்ட்டி - இந்த வாரம்: வீட்டுக்குள்ள தியேட்டர்

வீட்டுச் சுவத்துல நூறு இன்ச்சுக்கு சினிமா ஓடணும்... பாப்கார்னுக்குப் பதிலா அம்மா வறுத்த கடலை... இன்டர்வெல் எப்போனு நாமளே முடிவு பண்ணணும்... இப்படி ஒரு கனவு உங்களுக்கும் இருக்கும்தானே? எனக்கும் இருந்துச்சு. கனவுல ஒண்ணும் தப்பில்ல. அட்டைப்பெட்டி மேல அச்சடிச்சிருந்த நம்பரை நம்பினேன் பாருங்க, அங்கேதான் சறுக்கினேன்!

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்.

எங்க வீடு மதுரையில. அப்பத்தாவுக்கு 76 வயசு. ஒரு காலத்துல தெருவுல இருக்கிற அக்காக்களை எல்லாம் திரட்டிக்கிட்டு செகண்ட் ஷோ போயிட்டு, கதை பேசிக்கிட்டே நடந்து வீடு திரும்பின பார்ட்டி. போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்புல ஆபரேஷன். அதுக்கப்புறம் கட்டில், வாக்கர், வாசல் திண்ணை... அவ்வளவுதான் அவங்க உலகம். தியேட்டர் படியெல்லாம் இனி நினைச்சே பார்க்க முடியாது. வீட்டுல இருக்கிறது 24 இன்ச் டிவி. "மூஞ்சியெல்லாம் சுண்டைக்காய் சைஸுக்குத் தெரியுதுய்யா"ன்னு புலம்புவாங்க.

நமக்கோ இன்ஜினீயரிங் மூணாவது வருஷம்ங்கிற கெத்து! "உனக்கு வீட்டுக்குள்ளயே தியேட்டர் கட்டறேன் அப்பத்தா"ன்னு வாக்கு கொடுத்துட்டேன். இந்தப் பக்கத்துல எழுதி வந்த சன்மானம், பக்கத்து வீட்டுப் பத்தாங்கிளாஸ் பையனுக்கு டியூஷன் எடுத்த காசு எல்லாம் சேர்ந்து 6,500 ரூபாய். ஆன்லைன்ல தேடினா, '9,000 லூமென்ஸ்! ஃபுல் ஹெச்.டி. சப்போர்ட்! 200 இன்ச் திரை!'ன்னு ஒரு மெஷின் கூப்பிட்டுச்சு. சட்டுனு ஆர்டர் போட்டாச்சு.

பெட்டி வந்த அன்னைக்கு ராத்திரி, அப்பத்தா கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டோம். சுவத்துல நூறு இன்ச். அவங்களுக்குப் பிடிச்ச ஒரு பழைய கறுப்பு-வெள்ளைப் படம். கிச்சன்ல டியூப்லைட், அம்மா தோசை சுட்டுக்கிட்டு இருக்காங்க. படம் ஓடுச்சு... எப்படி? நீச்சத்தண்ணி மாதிரி வெளுத்துப் போய்! கறுப்பு வர வேண்டிய இடமெல்லாம் சாம்பல். ராத்திரி சீன்ல ஹீரோ எங்கே, மரம் எங்கேன்னு எனக்கே பிடிபடல.

அப்பத்தா அரை மணி நேரம் வாயே திறக்கல. அப்புறம், "நல்லாருக்குய்யா... எனக்குத் தூக்கம் வருது"ன்னு திரும்பிப் படுத்துட்டாங்க.

மறுநாள் காலையில அப்பாகிட்ட ரகசியமா சொன்னது என் காதுல விழுந்துச்சு. "ஏப்பா, ஒரு எட்டு கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா? புள்ளை ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான்... எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. கண்ணு போச்சு போல."

பாஸ், அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

அப்பா ஒரு நாள் லீவு போட்டு, ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போனார். "கண்ணு நல்லா இருக்கு"ன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பத்தா நம்பல. "அவங்க சும்மா ஆறுதலுக்குச் சொல்றாங்க"ன்னுட்டாங்க.

அன்னைக்கே நான் உண்மையை உடைச்சிருக்கணும். உடைக்கல. 'இன்ஜினீயரிங் படிக்கிற பய 6,500 ரூபாய் ஏமாந்துட்டான்'னு தெரு பூரா தெரிஞ்சிடுமேன்னு வெட்கம். பத்து நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பத்து நாளும் ஒரு பாட்டி தன் கண்ணு போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்க அந்தத் தப்பைப் பண்ணக்கூடாதுன்னுதான் இந்த வாரம் இந்த மேட்டர்!

9,000 எப்படி 124 ஆச்சு?

காலேஜ் லேப்ல கெஞ்சி ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கிட்டு வந்தேன். ரூமை நல்லா இருட்டாக்கிட்டு, சுவத்துல வெறும் வெள்ளைப் படம் மட்டும் போட்டேன். அதை மூணுக்கு மூணு, ஒன்பது கட்டமா மனசுல பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்து நடுவுலயும் மீட்டரை மெஷினைப் பார்த்து வச்சு அளந்தேன். சராசரி 45 லக்ஸ். நூறு இன்ச் படத்தோட பரப்பு 2.2 மீட்டர் பெருக்கல் 1.25 மீட்டர், அதாவது 2.75 சதுர மீட்டர். ரெண்டையும் பெருக்கினா... 124 லூமென்ஸ். பெட்டியில போட்டிருந்தது 9,000!

இந்த ஒன்பது கட்ட முறை நான் கண்டுபிடிச்சது இல்ல. 1992-ல வந்த அமெரிக்க அளவுமுறை. இப்படி அளந்து சொல்ற நம்பருக்குத்தான் 'ஆன்சி லூமென்ஸ்'னு பேரு. 'ஐ.எஸ்.ஓ. லூமென்ஸ்'னு போட்டிருந்தாலும் நம்பலாம், அதுவும் இதே ஜாதிதான். வெறும் 'லூமென்ஸ்', 'எல்.இ.டி. லூமென்ஸ்', 'லைட் சோர்ஸ் லூமென்ஸ்'னு போட்டிருந்தா உஷார்! அது சுவத்துக்கு வந்து சேர்ற வெளிச்சம் இல்ல. உள்ளே இருக்கிற பல்போட கணக்கா இருக்கலாம், சில சமயம் அச்சடிச்சவரோட கற்பனையாவும் இருக்கலாம்.

லக்ஸ் மீட்டர் கிடைக்காதவங்க கவலைப்படாதீங்க. மொபைல்ல லக்ஸ் ஆப் இருக்கு. கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். ஆனா 9,000-க்கும் 124-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அதுவே தாராளம்!

உங்க சுவத்துக்கு எத்தனை லூமென்ஸ்?

இப்போ தங்கமான கணக்கு ஒண்ணு. டிஜிட்டல் தியேட்டர்கள்ல திரை வெளிச்சத்துக்கு ஒரு ஸ்டாண்டர்டு உண்டு... 14 ஃபுட்-லேம்பர்ட். பயந்துடாதீங்க. சாதா வெள்ளைத் திரையில ஒரு சதுர அடிக்கு 14 லூமென்ஸ் விழுந்தா அந்த அளவு வந்துடும். அவ்வளவுதான்.

80 இன்ச் அகலப்படம் சுமார் 19 சதுர அடி. பெருக்கினா 266 லூமென்ஸ். நூறு இன்ச் சுமார் 30 சதுர அடி, அதுக்கு 416. வீட்டுச் சுவரு திரை அளவுக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, மெஷினும் நாளாக நாளாக மங்கும். அதனால கொஞ்சம் கூட்டி இப்படி வச்சுக்கங்க:

60 இன்ச் - 200 ஆன்சி லூமென்ஸ்
80 இன்ச் - 350
100 இன்ச் - 500
120 இன்ச் - 750

இது கும்மிருட்டு ரூமுக்கான கணக்கு. லைட் எரிஞ்சா இதைப் போல பல மடங்கு வேணும். இன்ச் ரெண்டு மடங்கானா பரப்பு நாலு மடங்கு, வெளிச்சம் நாலுல ஒரு பங்கு. '200 இன்ச்'னு பெட்டியில போட்டிருக்கிறதைப் பார்த்து வாயைப் பிளக்காதீங்க!

இந்தக் கணக்கை என் டப்பா மெஷினுக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு இன்ச்சுல சதுர அடிக்கு 4 லூமென்ஸ்தான். தியேட்டர்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. அதே மெஷினை 50 இன்ச்சுக்குச் சுருக்கினா சதுர அடிக்கு 16-க்கு மேல வருது! ஆசையைச் சுருக்கினா படம் தெளியுது. இது எனக்கு அந்த ராத்திரியே தெரிஞ்சிருந்தா ஆஸ்பத்திரி ஆட்டோ செலவு மிச்சம்.

'சப்போர்ட்'னா என்ன தெரியுமா?

'1080பி சப்போர்ட்'னா, அந்த சைஸ் வீடியோவை மெஷின் வாங்கிக்கும்னு மட்டும்தான் அர்த்தம். அதே தெளிவுல காட்டும்னு அர்த்தம் இல்ல. நீங்க தேட வேண்டிய வார்த்தை 'நேட்டிவ் ரெசல்யூஷன்'. என் டப்பாவோட நேட்டிவ் 800 பெருக்கல் 480, அதாவது 3,84,000 புள்ளி. உண்மையான ஃபுல் ஹெச்.டி.யில 20,73,600 புள்ளி. அஞ்சு மடங்கு! சப்டைட்டில் படிக்கணும், லேப்டாப்பை மாட்டி புராஜெக்ட் ரிப்போர்ட் பார்க்கணும்னா குறைஞ்சது 1280 பெருக்கல் 720 நேட்டிவ் இருக்கணும். நேட்டிவ் என்னன்னே போடாத மெஷினா? அடுத்த பக்கத்துக்குப் போங்க.

ஓசியில கிடைக்கிற ஒரே அயிட்டம்... இருட்டு!

ப்ரொஜெக்டரால கறுப்பைக் காட்டவே முடியாது, தெரியுமா? வெளிச்சத்தை அனுப்ப மட்டும்தான் அதுக்குத் தெரியும். படத்துல கறுப்புன்னு நாம நினைக்கிறது, வெளிச்சம் விழாத சுவரு. அந்தச் சுவத்து மேல டியூப்லைட் வெளிச்சம் விழுந்தா கறுப்பு எங்கிருந்து வரும்? எங்க வீட்டு ராத்திரி சீன்ல ஹீரோவைத் தின்னது மெஷின் பாதி, கிச்சன் லைட் பாதி.

சன்னலுக்குக் கனமான திரை, இல்லாட்டி பழைய போர்வை. கதவிடுக்குல கோணி. மெஷின்ல கூடுதலா ஆயிரம் ரூபாய் போடறதை விட இது பெரிய வித்தியாசம் காட்டும். பகல்லதான் பார்ப்பேன், கிரிக்கெட்டுக்குத்தான் வேணும், லைட்டை அணைக்க வீட்டுல விடமாட்டாங்கன்னா... கோவிச்சுக்காதீங்க பாஸ், அதே காசுக்குக் கிடைக்கிற டிவியே உங்களுக்கு லாபம்.

டேப் எடுத்துக்கிட்டு வாங்க

மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம் வேணும்? 'த்ரோ ரேஷியோ'ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. படத்தோட அகலத்தை அதால பெருக்கினா தூரம் வந்துடும். 80 இன்ச் படத்தோட அகலம் 70 இன்ச். ரேஷியோ 1.3-னா 91 இன்ச், அதாவது ஏழரை அடிக்குக் கொஞ்சம் மேல. வாங்குறதுக்கு முன்னாடியே உங்க ரூமை டேப் வச்சு அளந்துடுங்க. நம்ம ஊர்ல இன்னொரு வில்லன் உண்டு... சீலிங் ஃபேன்! உயரத்துல மாட்டினா இறக்கை படத்துக்குக் குறுக்கே சுத்தும்.

சாய்ச்சு வச்சுட்டு 'கீஸ்டோன்' பட்டனால நேராக்கிக்கலாம்னு நினைக்காதீங்க. கோணலை நிமிர்த்தறேன்னு அது புள்ளிகளை வெட்டிடும், தெளிவு குறையும். ஸ்டூல் மேல நாலு நோட்டு அடுக்கி நேரா வைக்கிறது எவ்வளவோ மேல்!

திரையா, சுவரா, வேட்டியா?

மெஷின் வாங்கின உடனே மூவாயிரம் நாலாயிரம் போட்டுத் திரை வாங்க ஓடாதீங்க. முதல் ஆறு மாசம் சுவரே போதும், ஆனா ஒழுங்கான சுவரு. புட்டி அடிச்சு, உப்புத்தாள் தேய்ச்சு, பளபளப்பு இல்லாத மேட் வெள்ளை பெயின்ட். பளபளா பெயின்ட் அடிச்சா நடுவுல மட்டும் ஒரு வெளிச்சத் திட்டு தெரியும். வாடகை வீடா? ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க!

'அப்பா வேட்டி இருக்கே'ன்னு நீங்க கேக்கிறது புரியுது. நானும் கட்டிப் பார்த்தேன். துணி மெல்லிசு, பாதி வெளிச்சம் பின்னாடி ஓடிடுது. சுருக்கம் வேற, ஹீரோயின் கன்னத்துல மடிப்பு விழுது. துணிதான் வேணும்னா பின்பக்கம் வெளிச்சம் கசியாத கனமான வெள்ளைத் துணியை எடுத்து, நாலு பக்கமும் கட்டையில இழுத்துக் கட்டுங்க. ஃப்ளெக்ஸ் பேனர் பளபளங்கும், அது வேண்டாம்.

ஒரு சின்ன டெக்னிக். படத்தைச் சுத்தி ரெண்டு மூணு இன்ச்சுக்குக் கறுப்பு பார்டர் கட்டுங்க. கறுப்பு வெல்வெட் துணி, இல்லாட்டி கறுப்பு சார்ட். ஓரத்துல சிந்தற வெளிச்சத்தை அது குடிச்சிடும். படமும் பளிச்சுனு எடுத்துக் காட்டும். செலவு நூறு ரூபாயைச் சுத்தி!

கண்டுக்காம விட்டா கடுப்பேத்துற மூணு

ஒண்ணு, ஓ.டி.டி. விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு ப்ரொஜெக்டர்கள் பலதுல காப்பிரைட் பூட்டு காரணமா சில ஆப்கள் ஓடாது, ஓடினாலும் மங்கலா ஓடும். மொபைல்லேர்ந்து மிரரிங் பண்ணினா சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாயிடும். லேப்டாப்பையோ ஸ்டிக்கையோ எச்.டி.எம்.ஐ.யில மாட்டறதுதான் பாதுகாப்பு.

ரெண்டு, சத்தம். உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் கொசுவோட போட்டி போடும். பரண்ல தூங்கற பழைய ஹோம் தியேட்டரை ஒயர்ல மாட்டுங்க. ப்ளூடூத்னா சில சமயம் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

மூணு, தூசி. விலை குறைஞ்ச எல்.இ.டி. மெஷின்கள்ல தூசி உள்ளே புகுந்து படத்துல புள்ளியா உட்கார்ந்துடும். 'சீல்டு ஆப்டிகல் இன்ஜின்'னு போட்டிருக்கான்னு பாருங்க.

செகண்ட்ஹேண்ட் சூட்சுமம்

நான் ரெண்டாவது முறை போன ரூட் இதுதான். ஆபீஸ்கள்ல மீட்டிங்குக்கு வச்சிருந்த பழைய ப்ரொஜெக்டர்களைக் கழிச்சுக் கட்டுவாங்க. சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடலாம், மத்த ஊர்கள்ல பழைய கம்ப்யூட்டர் கடைகள்ல கேளுங்க. இதுல பலது 2,500, 3,000 லூமென்ஸ் மெஷின். பல்பு பாதி மங்கியிருந்தாக்கூட நம்ம கணக்குக்குத் தாராளம். ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடாதீங்க:

* மெனுவுல 'லேம்ப் ஹவர்ஸ்' பாருங்க. அதை ஜீரோ பண்ணி ஏமாத்தவும் முடியும். அதனால உங்க கண்ணால வெளிச்சத்தைப் பாருங்க.
* அதே மாடலுக்குப் புது பல்பு கிடைக்குதா, என்ன விலைன்னு முதல்லயே விசாரிங்க. பல்பு விலைக்கு இன்னொரு மெஷினே வாங்கலாம்ங்கிற கேஸும் உண்டு!
* முழு வெள்ளை, முழு கறுப்பு ரெண்டும் போட்டுப் பாருங்க. கறுப்புல வெள்ளைப் புள்ளிகள் மின்னினா, வெள்ளையில மஞ்சள் திட்டு தெரிஞ்சா, 'வர்றேண்ணே'ன்னு கிளம்பிடுங்க.
* எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கா பாருங்க.
* பல்பு மெஷின் அணைச்சதும் ஃபேன் ஓடி ஆறணும். பட்டுனு பிளக்கைப் பிடுங்கக்கூடாது. அடிக்கடி கரன்ட் போற ஏரியான்னா இன்வெர்ட்டர்ல மாட்டுங்க.

இந்த ஆபீஸ் மெஷின்கள்ல பலது 1024 பெருக்கல் 768, பழைய டிவி மாதிரி நாலுக்கு மூணு சைஸ். புதுப்படம் போட்டா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விழுந்து, 576 வரிதான் படமா தெரியும். கால்வாசி வேஸ்ட். உங்களுக்கு இது குறை. எங்க வீட்டுக்கு அதுவே அதிர்ஷ்டம்! பழைய கறுப்பு-வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்ட அதே சைஸ்லதான் எடுத்திருக்காங்க. சுவரு முழுக்க நிறைஞ்சு நிக்கும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை இன்ச்?' இல்ல. 'யாரு, எந்த ரூம்ல, எந்த நேரத்துல, என்ன பார்க்கப் போறாங்க?' இதுக்குப் பதில் எழுதிட்டீங்கன்னா பாதி மெஷின் தானாவே கழிஞ்சிடும்.

கிளைமாக்ஸ்

பதினோராவது நாள் அப்பத்தாகிட்ட போய் உட்கார்ந்தேன். "உன் கண்ணுல ஒரு குறையும் இல்ல அப்பத்தா. நான்தான் டப்பா மெஷினை வாங்கிட்டு வந்து ஏமாந்துட்டேன்"னு சொல்லிட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னடா? பாத்ரூமுக்குப் போறப்பகூட தடவித் தடவி நடந்துக்கிட்டு இருக்கேன்"னு முதுகுல ஒண்ணு வச்சாங்க. வலிக்கல... ஆனா வலிச்சுது.

பழைய மெஷினைத் திருப்பிக் கொடுக்கிற தேதி அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. "படம் தெரியுதில்ல? அப்போ மெஷின்ல குறை இல்ல"ன்னு வித்தவங்க கையை விரிச்சுட்டாங்க. அது இப்போ ஃப்ரெண்டோட ஹாஸ்டல் ரூம்ல, 50 இன்ச்சுல சந்தோஷமா ஓடுது. அடுத்த ரெண்டு மாசம் டியூஷன் காசோட அப்பாவும் பாதி போட்டு, ஏழாயிரத்துக்கு ஒரு ஆபீஸ் மெஷின் வாங்கினோம். 80 இன்ச், மேட் வெள்ளைச் சுவரு, கறுப்பு பார்டர், சன்னல்ல ரெண்டு போர்வை. அம்மா அன்னைக்கு ஏழு மணிக்கே தோசையை முடிச்சுட்டு கிச்சன் லைட்டை அணைச்சாங்க.

அதே படம். டைட்டில் ஓட ஆரம்பிச்சதும் அப்பத்தா சத்தமா படிக்க ஆரம்பிச்சாங்க. வசனம் யாரு, பாட்டு யாரு, ஒளிப்பதிவு யாரு... ஒரு பேர் விடாம, கடைசி வரி வரைக்கும். படம் பார்க்கற ஆர்வத்துல படிக்கிறாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது... கண்ணை டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தாங்க!

"நல்லாத்தான்யா இருக்கு"ன்னாங்க. படத்தையா, கண்ணையான்னு நான் கேக்கல.

(அடுத்த வாரம்: செகண்ட்ஹேண்ட் சைக்கிள் வாங்கலாமா? மிதிப்போம்... வர்ட்டா!)